நவராத்திரிக்கு ஒரு சாடி செவ்வந்தி: மார்க்கம் நகரின் ஒரு வீட்டுத் தோட்டத்தில் நான்கு ஆண்டுகள்

பின்னணி

கனடாவில், ரொறன்ரோவுக்கு வடகிழக்கே மார்க்கம் நகரில் உள்ள ஒரு வீட்டின் தோட்டத்தில், 2021 இலையுதிர்காலம் முதல் 2025 செப்டம்பர் வரை செவ்வந்தி வளர்க்க எடுக்கப்பட்ட முயற்சியை இங்கே பதிவு செய்கிறேன். வீட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுபது வயதைக் கடந்த ஒரு தாயாரும், அவருடைய மகளும் மருமகனும், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளும் இருக்கின்றனர். தோட்டம் தாயாரின் பொறுப்பு. ஊரில் கிணற்றடியில் செவ்வந்தி வளர்த்துப் பழகியவர் அவர். நவராத்திரி ஒன்பது நாளும் சொந்த வளவில் பூத்த பூவைச் சாமிக்கு வைக்க வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கு ஓய்வு நேரத்தில் உதவுபவன் என்ற முறையில், 2022 செப்டம்பரில்தான் நான் இதில் இணைந்தேன். அதற்கு முன் நடந்தவற்றை அவர்கள் சொல்லக் கேட்டு எழுதுகிறேன்.

செப்டம்பர் பிறந்தால் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் பலசரக்குக் கடை வாசல்களில்கூடச் செவ்வந்திச் சாடிகள் அடுக்கப்பட்டுவிடும். பந்துபோல் உருண்டு, இலை தெரியாத அளவுக்கு மொட்டும் பூவுமாக இருக்கும் அவற்றில் பலவற்றின் அட்டையில், குளிர்தாங்கும் பல்லாண்டுச் செடி என்றே அச்சிட்டிருப்பார்கள். 2021இல் இந்தக் குடும்பம் அப்படி ஒன்பது சாடிகளை வாங்கி, அக்டோபர் இரண்டாம் திங்களன்று வரும் நன்றி நவிலல் விடுமுறையில், முன்வாசல் டிரைவேயின் (கார் வந்து நிற்கும் பாதையின்) ஓரமாக இருந்த பாத்தியில் நட்டது. 2022 மே மாதம் ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை. கனடாக் குளிரைச் செவ்வந்தி தாங்காது என்பதே வீட்டினரின் முடிவாக இருந்தது. ஊரிலிருந்து கன்று எடுத்து வந்தால் என்ன என்றும் தாயார் யோசித்திருக்கிறார். மண்ணோடு செடியைக் கனடாவுக்குள் கொண்டுவர அனுமதியில்லை என்பதோடு, வெப்ப நிலத்துச் செடி இங்கே இன்னும் விரைவாக மடிந்திருக்கும்.

முதல் நாளில் கண்டவை

நான் சென்றபோது, மே மாதத்தில் பிடுங்கிய அந்த ஒன்பது செடிகளும் பின்வேலியோரம் குவியலாகக் காய்ந்து கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வேர்க்கட்டு, அது வளர்ந்த பிளாஸ்ரிக் சாடியின் உருவத்திலேயே, அடிப்பக்கத்து வரிப்பள்ளங்கள்கூட மாறாமல், வார்த்து எடுத்தது போல இருந்தது. சுற்றியிருந்த களிமண்ணுக்குள் ஒரு வேரும் போயிருக்கவில்லை. பாத்தியில் ஏழு மாதம் இருந்தும் அந்தச் செடி சாடியை விட்டு வெளியே வரவேயில்லை என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

பாத்தி அமைந்திருந்த இடத்தில் மேலும் மூன்று குறைகள் தெரிந்தன. கூரையின் மழைநீரை ஏந்தும் பீலியிலிருந்து இறங்கும் குழாய் அந்தப் பாத்தியின் தலைப்பில்தான் தண்ணீரைக் கொட்டியது. குளிர்காலத்தில் டிரைவேயிலிருந்து வழிக்கும் பனியை, அதில் கலந்த உப்போடு சேர்த்து, மருமகன் அதே பாத்தியின் மேல்தான் குவித்து வந்திருக்கிறார். மூன்றாவது குறை மண். புதிய குடியிருப்புகளில் வழக்கமாக நடப்பது போல, வீடு கட்டியபோது மேல்மண்ணை வழித்தெடுத்து, இயந்திரம் ஏறி இறுகிய களிமண்ணின் மேல் ஒரு சாண் மண்ணைப் பரப்பிப் புல் விரித்திருந்தார்கள். ஓரடி ஆழத்துக்குக் குழி வெட்டி, ஒருமுறை நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பிப் பார்த்தோம். மறுநாள் காலையிலும் அந்தக் குழியில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. பின்வளவில் வேலியோரம் வெட்டிய குழியில் ஐந்து மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிட்டது.

குளிர் மட்டும் காரணமாக இருந்தால், இதே தெருவில் சில வீடுகளில் பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரே இடத்தில் செவ்வந்தி பூப்பதை விளக்க முடியாது. எனக்குப் பட்ட காரணம் வேறு. கடைச்சாடிச் செடி, பூப்பதற்காகத் தன்னிடமிருந்த அனைத்தையும் செலவழித்துவிட்ட நிலையில் வந்து சேர்கிறது. கடும் உறைபனி வருவதற்கு முன் வேரூன்ற அதற்கு ஆறு வாரமாவது வேண்டும். அக்டோபர் நடுவில் நட்டால் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. வேரூன்றாத செடியை, பகலில் உருகி இரவில் உறையும் ஈரக் களிமண் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிவிடும். வெளியே வந்த தூர் காற்றில் காயும், தேங்கிய நீரில் இருந்தால் அழுகும்.

2022 இலையுதிர்காலம்: எட்டுச் செடிகள், மூன்று இடங்கள்

காரணத்தைச் சொல்வது எளிது; வீட்டினர் நம்ப வேண்டுமே. அந்த ஆண்டு நவராத்திரி செப்டம்பர் 26இல் தொடங்கியதால், நான் போவதற்கு முன்பே ஒரே வகையைச் சேர்ந்த எட்டு மஞ்சள் செவ்வந்திச் சாடிகளை வாங்கி வைத்திருந்தார்கள். பூசை முடிந்தபின் அவற்றை மூன்றாகப் பிரித்து வைப்பது என்று தீர்மானித்தோம்.

மூன்று செடிகளை, பழைய டிரைவேப் பாத்தியிலேயே எதையும் மாற்றாமல் நட்டோம். தெரிந்தே மூன்று செடிகளைச் சாகக் கொடுப்பதா என்று தாயார் தயங்கினார். ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழியில்லை என்று சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தேன். அடுத்த மூன்றுக்காகப் பின்வளவில் நன்றாக வெயில் விழும் இடத்தில், கீழ்க்களிமண்ணைத் தோட்ட முட்கரண்டியால் குத்தித் தளர்த்தி, அதன் மேல் ஓரடி உயரத்துக்குச் சற்றுக் குறைவாக மேல்மண்ணும் கூட்டெருவும் கலந்து ஒரு மேட்டுப்பாத்தி அமைத்தோம். களிமண்ணுடன் கொஞ்சம் மணலைக் கலந்தால் போதாதா என்று மருமகன் கேட்டார். கொஞ்ச மணலால் களிமண் இளகாது. நிலத்தை உயர்த்துவதுதான் நீரை வடியவிடும். நடும்போது வேர்க்கட்டின் பக்கங்களைக் கத்தியால் நாலு இடத்தில் கீறி, அடிப்பகுதியை விரலால் கலைத்துவிட்டோம். எஞ்சிய இரண்டையும் சாடியோடு, சூடேற்றாத கராஜின் உட்சுவரோரம் வைத்து, மாதம் ஒருமுறை ஒரு குவளை நீர் மட்டும் விடுவது என்று முடிவாயிற்று.

காய்ந்த தண்டுகளை வெட்ட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். பூ உதிர்ந்த செடியைத் தரையோடு வெட்டி வாசலைத் துப்புரவாக்குவது இங்கே பலருக்கும் பழக்கம். ஆனால் நிற்கும் தண்டுகள்தான் காற்றில் பறக்கும் பனியைப் பிடித்து நிறுத்தித் தூரின் மேல் போர்வையாகச் சேர்க்கின்றன.

அந்த டிசம்பர் 23ஆம் திகதி தென் ஒன்ராறியோவைத் தாக்கிய புயலில், காலையில் மழைத் தண்ணீராக இருந்தது சில மணி நேரத்தில் பனிக்கட்டியாக இறுகியது. ஈரமாக இருந்த மண் அப்படியே உறைந்தது. செடிகளுக்கு அதைவிடக் கடுமையான சோதனையை நாமாக வைத்திருக்க முடியாது.

2023 ஏப்ரல் கடைசியில் கணக்கெடுத்தோம். டிரைவேப் பாத்தியில் மூன்றும் போயிருந்தன. அவற்றில் ஒன்று வேர்க்கட்டின் பாதி தெரிய மண்ணுக்கு மேலே வந்து சாய்ந்து கிடந்தது. மேட்டுப்பாத்தியில் மூன்றில் ஒன்று தூரிலிருந்து பச்சைக் குருத்துகளை விட்டிருந்தது. கராஜில் இரண்டும் உயிரோடு இருந்தன. மேட்டுப்பாத்தியிலும் இரண்டை இழந்தது எனக்கு ஏமாற்றமே. வடிகாலைச் சரிசெய்தாலும், அக்டோபரில் நட்ட கடைச்செடியை நம்ப முடியாது என்பதை அது காட்டியது.

2023 வசந்தம்: வகையும் காலமும் மாறின

எனவே நடும் பருவத்தையே மாற்றினோம். உறைபனி அபாயம் நீங்கியதாக இங்கே தோட்டக்காரர்கள் கொள்ளும் விக்டோரியா தின விடுமுறையில், அதாவது மே 22ஐ ஒட்டி, பூவில்லாத இளஞ்செடிகளாக ஐந்தை நட்டோம். வகைத் தெரிவிலும் கவனம் எடுத்தோம். குளிர்தாங்கும் என்ற அட்டை ஒன்று; குளிர்நாட்டில் பல குளிர்காலங்களைக் கண்ட வகை வேறொன்று. மினசோட்டாப் பல்கலைக்கழகமும், மனிற்றோபாவின் மோர்டன் ஆய்வு நிலையமும் கடுங்குளிருக்கென்றே செவ்வந்தி வகைகளைத் தெரிவுசெய்து வெளியிட்டிருக்கின்றன. அவை எங்களுக்கு அருகில் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றில் ஷெஃபீல்ட் பிங்க் மூன்றும், 1930களில் இங்கிலாந்தில் உருவான கிளாரா கேர்ட்டிஸ் இரண்டும் எடுத்தோம். இரண்டும் ஒற்றையடுக்கு இதழுள்ளவை. நிலத்துக்கடியில் பக்கக் கன்றுகளை ஓடவிட்டுப் படர்பவை. அந்தப் பக்கக் கன்றுகள்தான் குளிர்காலத்தைக் கடக்கும் உயிர் என்பதால், செவ்வந்தி வாங்கும்போது பூவைப் பார்க்காமல் தூரைப் பார்ப்பது நல்லது. பூ உருண்டையாக, மாலைக்கு ஏற்றதாக இல்லை என்பதில் தாயாருக்குக் குறைதான்.

ஐந்து புதிய செடிகளும் மேட்டுப்பாத்திக்குப் போயின. கராஜில் பிழைத்த இரண்டு மஞ்சள் செடிகளையும் வாசலில் வைக்க வேண்டும் என்று தாயார் விரும்பியதால், முன்வாசல் படிக்கருகே, பீலிக் குழாய்க்கு அப்பால், ஒரு சிறு மேட்டில் நட்டோம். அந்த முடிவைப் பற்றி நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

நுனி கிள்ளுதல்

செடி ஒரு சாண் உயரம் வந்ததும் ஒவ்வொரு தண்டின் நுனியையும் இரண்டு இலையளவு கிள்ளிவிட வேண்டும். கிள்ளிய இடத்துக்குக் கீழே இலைக்கக்கங்களில் புதிய கிளைகள் வரும். அவை ஒரு விரல் நீளம் வளர்ந்ததும் அவற்றையும் கிள்ள வேண்டும். இதைச் செய்யாவிட்டால் செடி நெட்டையாக வளர்ந்து, முதல் மழையில் சாய்ந்துவிடும். கேட்டதும் தாயார் என்னிடம், “தம்பி, பூக்கப் போற செடியின்ர நுனியக் கிள்ளச் சொல்லுறியள், பிறகு நவராத்திரிக்குப் பூவுக்கு எங்க போறது?” என்றார்.

நியாயமான கேள்விதான். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூடப் பன்னிரண்டே முக்கால் மணியைத் தாண்டாது. இரவு நீண்டால்தான் பூக்கும் செவ்வந்திக்கு அங்கே எல்லா மாதமும் பூக்கத் தடையில்லாத மாதமே. எந்த நேரத்தில் கிள்ளினாலும் பூ தள்ளிப்போகும் என்பது அவருடைய அனுபவம். ரொறன்ரோப் பகுதியில் ஜூன் மாதப் பகல் ஏறத்தாழப் பதினைந்தரை மணி. ஆகஸ்ட் தொடக்கத்தில் அது பதினான்கரை மணியாகக் குறைகிறது, செப்டம்பர் தொடக்கத்தில் பதின்மூன்று மணியை நெருங்குகிறது. பெரும்பாலான வகைகளில் மொட்டு உருவாவதும் பிறகு வளர்வதும் அந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. ஆகவே ஜூன் மாதத்தில் கிள்ளுவதால் பூவை இழப்பதில்லை. ஓகஸ்ட்டில் கிள்ளினால் மொட்டையே கிள்ளியெறிகிறோம். கனடா தினமான ஜூலை 1ஐக் கடைசி நாளாக வைத்துக்கொண்டோம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் இரண்டு தடவை கிள்ளினார். கிள்ளியெறிந்த நுனிகளில் சிலவற்றை அவரே ஈரமண்ணில் ஊன்றிவைத்ததை நான் பிறகுதான் கவனித்தேன். அவற்றில் சில வேரும் பிடித்தன.

பூச்சித் தொல்லை பெரிதாக இல்லை. இளங்குருத்தை முயல் கடிக்காதிருக்க இரண்டடிக் கம்பிவலை அடித்தோம். குருத்தில் அசுவினி சேர்ந்தபோது தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினோம். ஒன்ராறியோவில் அழகுத் தோட்டங்களுக்குப் பெரும்பாலான இரசாயனப் பூச்சிகொல்லிகளைத் தெளிப்பதற்கு 2009 முதல் தடை இருப்பதால் அதற்கு மேல் யோசிக்கவும் இல்லை.

2023 இலையுதிர்காலம்: வாசலில் பூக்காத இரண்டு செடிகள்

கிளாரா கேர்ட்டிஸ் செப்டம்பர் தொடக்கத்திலேயே பூத்துவிட்டது. மேட்டுப்பாத்தியில் முந்தைய குளிர்காலத்தைக் கடந்திருந்த அந்த ஒற்றை மஞ்சள் செடி, செப்டம்பர் கடைசி வாரத்தில் விரிந்தது. அக்டோபர் 15இல் தொடங்கிய நவராத்திரிக்கு ஷெஃபீல்ட் பிங்க் சரியாக வந்தது. அந்த மூன்று செடிகளே ஒன்பது நாளுக்கும் போதிய பூவைக் கொடுத்தன.

ஆனால், அதே மஞ்சள் வகையைச் சேர்ந்த வாசற்செடிகள் இரண்டிலும் அக்டோபர் தொடங்கியும் மொட்டுத் தெரியவில்லை. செடிகள் செழிப்பாக, கரும்பச்சையாக இருந்தன. பசளை கூடிவிட்டதா என்று முதலில் சந்தேகித்தோம். பின்வளவுச் செடிக்கும் அதே பசளை, அதே அளவில்தான் போயிருந்தது. ஒரு மாலை, விளக்கு எரிந்த பின் நான் வாசலில் நின்று பார்த்தபோதுதான் விடயம் புலப்பட்டது. வாசல் முகப்பு விளக்கு அந்தியிலிருந்து விடியும்வரை எரிந்தது. தெருவிளக்கின் வெளிச்சமும் அதே மூலையில் விழுந்தது. செடியின் அருகே குனிந்து நின்று கைபேசி அட்டையின் சிற்றெழுத்தை வாசிக்க முடிந்தது. அக்டோபர் 20 அளவில் மொட்டு வந்தபோது அது இன்னும் தெளிவாயிற்று: படிக்கட்டின் நிழல் விழுந்த பக்கத்துக் கிளைகளில் மட்டும் பட்டாணி அளவு மொட்டுகள் இருந்தன, விளக்கை நோக்கிய பக்கம் வெறும் இலை. நவம்பர் தொடக்கத்தில் வந்த உறைபனியில் அந்த மொட்டுகளும் கருகின.

செவ்வந்தி அளப்பது பகலை அல்ல, இடையறாத இருட்டை. நள்ளிரவில் சிறிது நேர வெளிச்சம் பட்டாலும் அது அந்த இரவைக் குறுகிய இரவாகவே எடுத்துக்கொள்ளும். ஜப்பானின் அயிச்சி மாநிலத்தில் வெட்டுப்பூ வளர்ப்போர் இதே இயல்பைப் பயன்படுத்தி, இரவில் விளக்கேற்றிப் பூப்பைத் தள்ளிப்போட்டுத் தமக்கு வேண்டிய வாரத்தில் அறுவடை செய்கிறார்கள். அதையே இந்த வீடு அறியாமல் செய்திருந்தது. வாசல் மண்ணும் பின்வளவு மண்ணும் ஒன்றல்ல. ஆகவே விளக்கு ஒன்றே காரணம் என்று இந்த இரு செடிகளைக் கொண்டு அறுதியிட முடியாது. ஆனால் ஒரே செடியின் இரு பக்கங்களுக்கிடையே தெரிந்த வேறுபாட்டுக்கு வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

நான் செய்த தவறு

அந்த நவம்பர் முதல் வாரத்தில், வாசற்செடிகள் இரண்டையும் தோண்டிச் சாடியில் வைத்துக் கராஜுக்கு அனுப்பினோம். மேட்டுப்பாத்திக்கு மூடாக்கு இடும் வேலையையும் அன்றே முடித்துவிடலாம் என்று நான் சொன்னேன். வளவில் கூட்டிக் குவித்திருந்த மேப்பிள் இலைகளை, அரைக்காமல் அப்படியே, முழங்கால் உயரத்துக்குப் பாத்தியின் மேல் பரப்பினோம். அவசரப்பட்டது நான்தான்.

மூடாக்கின் வேலை மண்ணைச் சூடாக வைத்திருப்பது அல்ல. உறைந்த மண்ணை உறைந்தபடியே வைத்திருந்து, உருகுவதும் உறைவதும் மாறிமாறி நடக்காமல் தடுப்பது. ஆகவே மண் இறுக உறைந்த பின்பே அதை இட வேண்டும். 2023–24 குளிர்காலம் கனடாவில் பதிவானவற்றிலேயே மிக வெப்பமானதாக அமைந்தது. பனிப்போர்வை நிலைக்கவில்லை. மழை நீரில் ஊறிய மேப்பிள் இலைகள், ஒன்றன்மேல் ஒன்று ஒட்டித் தோல்போலப் படிந்து, அடியில் காற்றே புகாதபடி மூடின. ஏப்ரலில் அதைக் கிளறியபோது புளித்த நாற்றம் வந்தது. ஒரு மூலையில் புல்வெளி எலிகள் இலைக்குவியலுக்குள் கூடுகட்டி, அருகிலிருந்த தூரைச் சுற்றிக் கறித்திருந்தன. பாத்தியிலிருந்த ஆறு செடிகளில் அழுகலுக்கு மஞ்சள் செடியும், எலிக்கு ஒரு ஷெஃபீல்ட் பிங்க்கும் போயின. கிளாரா கேர்ட்டிஸ் இரண்டும் எதையும் பொருட்படுத்தாமல் துளிர்த்திருந்தன. கராஜிலிருந்த இரண்டும் பிழைத்தன.

மூடாக்கே இல்லாமல் விட்டிருந்தால் இழப்பு குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதைத் தாயாரிடமும் சொன்னேன். “பிள்ளையளுக்குப் போர்த்துற மாதிரிப் போர்த்தினா மூச்சு முட்டும்தானே” என்பதோடு அவர் விட்டுவிட்டார்.

2024: பிரித்து நடுதலும் சாடி மாற்றமும்

ஏப்ரல் கடைசியில், குருத்துகள் இரண்டு மூன்று அங்குலம் இருந்தபோது, பாத்தியின் நான்கு தூர்களையும் தோண்டியெடுத்தோம். ஒரு தூரைக் கவிழ்த்துப் பார்த்தால் அதன் வயது தெரியும்: நடுவே சென்ற ஆண்டின் தண்டு மரத்துப்போய்ப் பழுப்பாக நிற்கும், அதைச் சுற்றி வெளிவட்டத்தில், வெண்மையான புதுவேர்களோடு இளங்கன்றுகள் நிற்கும். நடுப்பகுதியைக் கழித்துவிட்டு, வெளிவட்டக் கன்றுகளை மட்டும் இரண்டு மூன்றாகச் சேர்த்து, பதினான்கு பிரிவுகளை ஒன்றேகால் அடி இடைவெளியில் நட்டோம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இப்படிப் பிரிக்காவிட்டால் நடுத்தூர் வெறுமையாகி, பூ சிறுக்கும்.

மஞ்சள் செடிகளைப் பற்றிய முடிவுக்குத்தான் நேரம் எடுத்தது. முகப்பு விளக்கை, ஆள் அசைவுக்கு மட்டும் எரியும் விளக்காக மருமகன் மாற்றினார். தெருவிளக்கை நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. வாசலில் பூ வேண்டும், வாசலில் இருட்டு இல்லை. முடிவில், இரண்டையும் சாடியிலேயே வைத்து, கோடை முழுவதும் பின்வளவில் கொட்டில் நிழலால் தெருவிளக்குப் படாத மூலையில் வளர்த்து, மொட்டில் நிறம் தெரிந்த பிறகு வாசலுக்குத் தூக்கி வருவது என்று வைத்தோம். அந்த நிலைக்கு வந்த மொட்டை இரவு வெளிச்சம் தடுப்பதில்லை. அக்டோபர் 3இல் நவராத்திரி தொடங்கியபோது இரண்டு சாடிகளும் படியின் இருபுறமும் விரிந்து நின்றன. பாத்தியில் ஷெஃபீல்ட் பிங்க் நவராத்திரியின் கடைசி நாட்களில்தான் விரியத் தொடங்கியது.

அந்தக் குளிர்காலத்தில் தண்டுகளை வெட்டாமல் விட்டோம். டிசம்பரில் ஒன்றும் போடவில்லை. ஜனவரி இரண்டாம் வாரத்தில், மண்ணில் மண்வெட்டி இறங்காத நிலை வந்ததும், அயலவர்கள் தெருவோரம் வைத்திருந்த நத்தார் மரங்களிலிருந்து கிளைகளை வெட்டி வந்து, பாத்தியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒரே அடுக்காக வைத்தோம். ஊசியிலைக் கிளை படிந்து ஒட்டாது, காற்றுப் போகும், பனியையும் பிடிக்கும். பெப்ரவரி நடுவில் அடுத்தடுத்து வந்த இரண்டு பனிப்பொழிவுகளில் பாத்தி முழுதாகப் புதைந்தது. அதைவிட நல்ல போர்வை இல்லை.

2025 ஏப்ரல் முதல் வாரத்தில் கிளைகளை எடுத்தபோது பதினான்கில் பன்னிரண்டு உயிரோடு இருந்தன. கராஜிலிருந்த இரு மஞ்சள் சாடிகளில் ஒன்று காய்ந்துபோயிருந்தது. குடும்பம் ஜனவரியில் ஊருக்குப் போய் ஏழு வாரம் தங்கியபோது யாரும் நீர் விடவில்லை. உறங்கும் செடிக்கும் வேர் நனைய வேண்டும் என்பதை வீட்டுச் சாவியை வாங்கிய அயலவரிடம் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டோம். பிழைத்த சாடியிலிருந்து மே மாதம் நறுக்கி ஊன்றிய துண்டங்களால் மஞ்சள் வகை தப்பியது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மீண்டும் முதலிலிருந்து தொடங்கினால், 2022இல் வாங்கிய எட்டுச் சாடிகளில் ஒன்றையும் நிலத்தில் நட்டிருக்க மாட்டேன். பூசைக்குப் பின் எட்டையும் கராஜில் வைத்து, வசந்தத்தில் துண்டம் எடுத்துப் பெருக்கியிருப்பேன். கடைச்செடியைப் பூக்கொத்தாகக் கருதி வாங்குவதில் தவறில்லை. பல்லாண்டுச் செடியாக வேண்டுமானால் மே மாதத்தில் இளஞ்செடியாக வாங்க வேண்டும். நடும் இடத்தைப் பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் பார்த்திருக்க வேண்டும். நான் பகலில் மட்டுமே பார்த்தேன். வகைகளைத் தனித்தனி மூலையில் பிரித்து நட்டு, நட்ட நாளையும் முதல் பூ விரிந்த நாளையும் எழுதிய தகட்டைச் செடியருகே குத்தி வைப்பதை முதல் ஆண்டிலேயே தொடங்கியிருந்தால், பின்னாளில் நினைவை நம்பி வாதிட்டிருக்க மாட்டோம்.

டிரைவேப் பாத்தியில் இப்போது செவ்வந்தி இல்லை. உப்பைப் பெரிதும் பொறுக்கும் டே லில்லி அங்கே நிற்கிறது. பீலிக் குழாய்க்கு ஒரு நீட்டிப்புப் போட்டுத் தண்ணீரைப் புல்வெளிக்குத் திருப்பியாயிற்று.

2025 நவராத்திரி

ஒரு சிக்கல் மட்டும் தீராமல் நின்றது. நவராத்திரி சந்திரனைப் பார்த்து வருகிறது, செவ்வந்தி சூரியனைப் பார்த்துப் பூக்கிறது. 2025இல் நவராத்திரி செப்டம்பர் 22இலேயே தொடங்கியது. மஞ்சள் வகைக்கும் அது சற்று முன்னதான நாள், ஷெஃபீல்ட் பிங்க்குக்கு மூன்று வாரம் முந்தியது. ஜூலை மாதம் தாயாரே கேட்டார், இருட்டுத்தான் வேண்டுமென்றால் இருட்டைச் செய்து கொடுத்தால் என்ன என்று. பூப்பண்ணைகளில் கறுப்புத் துணி மூடிச் செய்வது அதுதான்.

துண்டத்திலிருந்து வந்த இரண்டு மஞ்சள் சாடிகளை எடுத்து, ஜூலை 25இலிருந்து ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணிக்கு மேல், சாடிக்கு ஒன்றாகப் பெரிய அட்டைப்பெட்டிகளின் உட்புறத்தில் கறுப்புப் பிளாஸ்ரிக் ஒட்டி அவற்றின் மேல் கவிழ்த்து, காலை எட்டு மணிக்கு எடுத்தார்கள். மாலை வெயிலில் பெட்டி கொதிக்காதிருக்க அதைக் கொட்டிலின் கிழக்கு நிழலில் வைத்தோம். பேரப்பிள்ளைகள் முறைவைத்து மூடினார்கள். நாட்காட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் கோடு போட்டார்கள். ஓகஸ்ட் நடுவில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டமும் ஒரு பயணமும் வந்ததில், ஒரு சாடிக்கு நான்கு நாள் கோடு விழவில்லை. அந்த நாட்களில் பெட்டி ஒன்றுதான் மூடப்பட்டது என்று பிறகு தெரிய வந்தது.

செப்டம்பர் 22 காலை, ஒழுங்காக மூடிய சாடியில் இருபதுக்கு மேற்பட்ட பூக்கள் விரிந்திருந்தன. தாயார் அவற்றில் ஒன்பதை மட்டும் பறித்தார். மற்றச் சாடி அதனருகில் பச்சை மொட்டாகவே நின்றது.